பத்துப் பேருக்கு ஒரு வீடு



நாம் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். 2010-இல், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய நம் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. தலைக்கூத்தல். எண்ணெய்க் குளியலும் இளநீருமாக ஒரு முதியவரின் கதையை முடித்துவிடும் அந்த வழக்கத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. அது கொலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்த வீட்டு நிலவரத்தையும் நினைத்துப் பாருங்கள். மகன் கூலிக்குப் போகிறான். மருமகள் மில்லில் ஷிப்ட் பார்க்கிறாள். ஒருவர் வீட்டில் தங்கினால் அன்றைய கூலி போச்சு. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நம் தெருவிலே படுக்கைப் புண்ணோடு கிடப்பவருக்கு அதை மாற்றிக் கட்ட ஆள் இல்லை! மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இருந்திருந்தால் எத்தனை உயிர் தங்கியிருக்கும்?

நடமாடிக்கொண்டே நினைவு தப்பியவர்கள் பாடு இன்னும் கொடுமை. 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்தியாவில் மறதி நோயோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாமோ ‘வயசானா மறக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுகிறோம். பொழுது சாய்ந்தால் போதும், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று துணியை மூட்டை கட்டுவார்கள். ராத்திரியில் தாழ்ப்பாளை நீக்கித் தென்காசி ரோட்டில் நடப்பார்கள். பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொள்ளும் மகள் கண்மூடித் தூங்கி எத்தனை மாதமோ!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கு வருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தார்கள். ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நினைவு தப்பிய ஒருவரை 150 பேர் நடுவில் விடுவது, ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் பிள்ளையின் கையை விடுவதுபோல. அவருக்கு வேண்டியது பத்தே முகங்கள் உள்ள ஒரு வீடு. அமெரிக்காவின் டுபெலோவில் 2003-இல் பத்துப் பேர் வீதம் தங்கும் வீடுகளைக் கட்டினார்கள். நெதர்லாந்தின் ஹோகவேக்கில் 2009 முதல் வீட்டுக்கு ஆறேழு பேர்தான். அங்கே தங்குவோர் எல்லாருமே மறதி முற்றியவர்கள்.

அந்த வீடு ஏன் நம் ஊரிலேயே இருக்க வேண்டும்? நினைவு மங்க மங்கப் பின்னால் கற்ற மொழி நழுவக்கூடும். தாய் பேசிய மொழி பலருக்குக் கடைசி வரை நிற்கும். நம் ஊரில் எத்தனை வீடுகளில் தெலுங்கு பேசுகிறோம்! சென்னையில் மகன் பணம் கட்டிச் சேர்த்த இல்லத்தில், ராஜபாளையத்துத் தெலுங்கில் ஒரு பாட்டி தண்ணீர் கேட்டால் யாருக்குப் புரியும்? பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவருக்கும் மார்கழியில் ஆண்டாள் பாசுரம் காதில் விழுந்தால் அடுத்த அடி வாயில் வரலாம். அதைக் கூடச் சேர்ந்து பாட, அதே தெருவில் வளர்ந்த ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

வீடு சின்னது என்பதற்காகக் கண்காணிப்பு இல்லாமல் போகக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டுப் போவதும், கட்டிலோடு கட்டுவதும், தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்துவதும் எந்த ஊரிலும் நடக்கக் கூடும். ஆகவே முறையான பதிவு வேண்டும், இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும், வீட்டார் எந்த நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வர உரிமை வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சியும், மில் சம்பளத்துக்குக் குறையாத சம்பளமும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் தயவுசெய்து இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த நம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். வீட்டை ஊருக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. முற்றமும் தாழ்வாரமும் திண்ணையுமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். அந்த முற்றத்தில் பத்துப் பேர் காலாற நடக்கலாம். தானமாகக் கேட்கவில்லை, ஐந்து வருடத்துக்குக் குறைந்த வாடகை போதும். அப்படிப்பட்ட வீட்டுச் சாவியை வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என்று முதல் இரண்டு வீடுகளை இன்றே பேசி முடிப்போம்.