தனியாக விட முடியவில்லை

(நிலக்கோட்டையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் சகோதரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை.)



நான் பெயரைச் சொல்லாததற்கு வெட்கம் காரணமல்ல. நான் போகும் கூட்டத்தின் வழக்கம் அது. நான் ஒரு குடிநோயாளி. ஆறு வருஷமாகக் குடிக்கவில்லை.

இந்த ஊர்ப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிவந்தேன். அதிகாலையிலேயே மல்லிகை வந்து இறங்கும். காலைக்குள் கையில் காசு புரளும். அந்தக் காசு வீடு போய்ச் சேராது. என் மனைவி பூக்கட்டிச் சேர்த்த பணத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வருஷப் பிறப்பு ஆராதனையிலும் கண்ணீரோடு தீர்மானம் எடுப்பேன். பொங்கலுக்குள் அது முறிந்துவிடும். பொய்யாக எடுத்தேன் என்று எண்ணாதீர்கள், மெய்யாகவே எடுத்தேன்.

ஒருமுறை வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது: வருஷக்கணக்காக மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம், உயிரே போகலாம். ஆகவே முதலில் வைத்தியம். இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

வீடு திரும்பும் நாளில் டாக்டர் அம்மா, "நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தாச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்து கிடையாது; அதுக்கு ஆள் வேணும்" என்று சொல்லி, மதுரையில் நடக்கும் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதித் தந்தார்கள்.

சீட்டு மூன்று வாரம் சட்டைப்பையில் கிடந்தது. துவைக்கும்போது என் மனைவி பார்த்துவிட்டு, "வாங்க, நானும் வர்றேன்" என்றாள். பஸ் ஏறினோம். வாசல் வரை போய் இரண்டு முறை டீக்கடைக்குத் திரும்பிவிட்டேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? மார்க்கெட்டில் எல்லார் முன்னும் விழுந்து கிடந்தபோது எனக்கு அந்தப் பயம் வந்ததில்லை!

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை, உபதேசமும் இல்லை. ஒரு பெரியவர், "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மகளின் பள்ளிக்கூடப் பணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். அது என் கதை. முடிவில் என்னிடம், "ஆயுசு முழுக்க வேண்டாம் தம்பி. இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருங்க" என்றார். நான் ஒரு வருஷத்தைத் தூக்கப் பார்த்தவன்; அவர் ஒரு நாளைத்தான் கையில் கொடுத்தார்.

நாலாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் தவறினேன். மறுவாரம் தலைகுனிந்து போனேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்த ஆறு வருஷம்.

இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை விட்டு ஐந்து மாதமே ஆன பில் என்பவர் தொழிலில் தோற்று, ஓட்டல் முன்கூடத்தில் நின்றார். எதிரே மதுக்கூடம். அவரோ தொலைபேசியில் ஒரு போதகரை அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்றார். போதகர் தந்த பெயர்கள் வழியாக டாக்டர் பாப் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் தப்பினார்கள். அந்தப் போதகர் யாரையும் குணமாக்கவில்லை. சரியான பெயர்களைக் கொடுத்தார், அவ்வளவே.

2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, நம் தேசத்தில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்றவர்களுக்கு அந்தச் சீட்டை எழுதிக்கொடுக்க ஆளில்லை. கூட்டம் எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று சொல்லமாட்டேன். 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வில், ஒரு வருஷம் கழித்து முற்றிலும் குடிக்காதிருந்தவர்கள், ஏ.ஏ. வழியில் நடத்தப்பட்டவர்களில் 100க்கு 42 பேர். மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். அந்த ஏழு பேரும் ஏழு குடும்பங்கள்.

பிரியமானவர்களே, நீங்கள் தாராளமாய்க் கொடுக்கிறவர்கள். நான் படுத்த கட்டில் உங்கள் காணிக்கைதான். ஆனால் ஏ.ஏ. உங்கள் பணத்தை வாங்காது. அங்கத்தினர் தங்களுக்குள் போடுவதைக்கொண்டே நடத்துவார்கள். ஆகவே உங்களிடம் வேறு நான்கு காரியம் கேட்கிறேன்.

பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் என்று விசாரித்து ஆலய அலுவலகத்தில் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். முதல் நாள் போகிறவரோடு பஸ்ஸில் கூடப் போங்கள். ஆலயத்தில் சும்மா கிடக்கும் அறையைக் கூட்டத்துக்குக் கொடுங்கள். இயன்ற வாடகை தருவார்கள். அங்கே யார் நுழைந்தார் என்பதை வெளியே பேசாதிருங்கள்.

அவன் மனைவியையும் மறவாதீர்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. என் மனைவி அங்கே போகிறாள். பூக்கட்டும் பணம் இப்போது அவளிடமே இருக்கிறது.

இன்று சாயங்காலமும் ஆறு மணி வரும். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.