சுமையும் பொறையும்: கிருஷ்ணபிள்ளை காட்டும் மன்னிப்பு



சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாய் எழுந்தருளிய ஊர் சங்கரன்கோவில். இருவருள் பெரியவர் யார் என வழக்கிட்ட சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் பூசல் இங்கே தீர்ந்தது என்பது தலபுராணம். பிணக்குத் தீர்ந்த கதையைப் பெருமையாகப் போற்றும் ஊரில், பாவமும் மன்னிப்பும் பற்றிப் பேசுவது பொருத்தமே. அப்பொருளைக் கிறித்தவ நெறியில் நின்று பாடிய நெல்லைக் கவிஞரின் தந்தையார் பெயரும் சங்கரநாராயண பிள்ளை என்பது எண்ணி மகிழத்தக்கது.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827 இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. சாயர்புரத்தில் தமிழாசிரியராய் விளங்கினார். 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' என்னும் உரைநடை நூலைத் தழுவி, ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்ட 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் உருவகக் காப்பியத்தை இயற்றி 1894 இல் வெளியிட்டார். 'கிறித்தவக் கம்பர்' என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

பனியனின் பயணி முதுகில் ஒரு சுமையோடு புறப்படுகிறான். அச்சுமை பாவம். அதை அவனால் இறக்க இயலவில்லை. அயலார் அறிவுரையும் இறக்கவில்லை. சிலுவையின் முன் வந்து நின்றதும் அது தோளினின்று அவிழ்ந்து, உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. பனியன் இதனைச் சில வரிகளிலேயே சொல்லிச் செல்கிறார். கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' வகுத்து, இயேசு பெருமான் பட்ட பாடுகளை விரித்துப் பாடுகிறார். வினை விதைத்தவன் வினையை அறுத்தே தீர வேண்டும் என்று கேட்டு வளர்ந்த செவி தமிழ்ச் செவி. இறங்கிய சுமை எங்கே போயிற்று, அதைச் சுமந்தவர் யார் என்று அது கேட்கும். அவ்வினாவுக்கு விடையாகவே அப்படலம் அமைந்தது எனக் கருதலாம். சுமை மாயமாய் மறையவில்லை, தோள் மாறியது.

இவ்விடத்தில் தமிழ்மொழியே துணை நிற்கிறது. 'பொறுத்தல்' என்னும் சொல்லுக்குச் சுமத்தலும் பொருள், மன்னித்தலும் பொருள். 'பொறை' என்பது பாரம், பொறுமையும் அதுவே. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைத் திருவள்ளுவர் பொறையுடைமைக்கு உவமையாக்கியதும் இவ்விருபொருள் இயைபினாலேயே சிறக்கிறது. மன்னிப்பவன் ஒன்றைச் சுமக்கிறான் என்னும் சிலுவையின் கருத்து, தமிழில் ஒரு வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பெற்ற மன்னிப்பைப் பிறர்க்கு வழங்கும் கடமையும் உண்டு. மத்தேயு நற்செய்தி 18 ஆம் அதிகாரத்தில், பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி பெற்ற ஊழியன், நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலிக்கு ஈடு; ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெற்ற சலுகை, கொடுக்க மறுத்ததைப்போல் ஆறு இலட்சம் மடங்கு! வரப்புத் தகராறில் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் மன்னிப்பு, இழைத்த தீங்கை மூடிவைக்கும் போர்வை அன்று. வரி தண்டுவோனாகிய சகேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாக உறுதி கூறினான். சாதி வேற்றுமை தமிழகத் திருச்சபைகளுக்குள்ளும் புகுந்து, கோயில் இருக்கையையும் கல்லறைத் தோட்டத்தையும் பிரித்த வரலாறு உண்டு. அங்கே இழிவுபட்டோரை நோக்கி 'பொறுத்துக்கொள்' என்று கூறுவது, அவர்கள் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். இழைத்தவர் திருந்துவதும் திருப்பித் தருவதும் முதற்கண் வேண்டும்.

கவிஞர்கள் எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. பேதுரு மும்முறை மறுதலித்தான். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தான். இருவரும் மனம் கசிந்தனர். யூதாசு காசைத் திருப்பிக் கொண்டுவந்து, பாவம் செய்தேன் என்று ஆசாரியரிடம் அறிக்கையிட்டான். அது எங்கள் கவலையன்று என அவர்கள் கைவிரித்தனர். அவன் தன்னையே மாய்த்துக்கொண்டான். பேதுருவோ உயிர்த்த பெருமானை ஏரிக்கரையில் மீண்டும் கண்டான். அன்பு உண்டோ என்னும் வினாவை மும்முறை கேட்டு, மும்முறையும் விடையளித்து மீண்டான்.

அறிக்கையிடுவோனுக்குச் செவிகொடுக்க ஒருவரேனும் இருப்பது உயிர்காக்கும் செயல் என்பதை இவ்விரு கதைகளும் உணர்த்துகின்றன. அத்தகைய செவியாய் இருப்பது சமயத்தின் கடன். கவிதைக்கும் அதில் பங்குண்டு. பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் அச்செவியாய் நீடு வாழ்க!