சாவியைக் கொடுத்தவருக்கும் வழக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைத் தேர்தல் பற்றிய கல்வெட்டு, பெரும்பாதகம் செய்தவர் ஊர்ச் சபை உறுப்பினராக முடியாது என்கிறது. அந்தப் பாதகங்களில் மது அருந்துவதும் ஒன்று. முதலாம் பராந்தகன் காலத்துக் கண்டிப்பு அது!

இன்றைய கண்டிப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் இருக்கிறது. வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு. முதல்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். குடித்திருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால், மறுத்தவரைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

கல்யாண வீட்டில் ராத்திரி, குடித்தவர் என்று தெரிந்தே "நீயே ஓட்டுப்பா" என்று சாவியைக் கொடுக்கிறோமே, அதுவும் ஆபத்து. குற்றத்துக்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு.

உயிர் போனால்? மும்பையில் 2006-இல், மது அருந்தியவர் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிய 7 தொழிலாளர்களைக் கொன்றது. வெறும் கவனக்குறைவு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று சொல்லி, 3 ஆண்டு சிறையை உறுதிசெய்தது.