அஞ்சலட்டையில் அறிவியல்

ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் 1938-இல் கோலாப்பூரில் பிறந்த வானியற்பியலாளர். கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாயிலின் மாணவராகச் சேர்ந்து, அவருடன் இணைந்து 1960-களில் ஈர்ப்பு விசை பற்றிப் புதிய கோட்பாடொன்றை உருவாக்கினார். ஒரு பொருளின் நிறை அதற்குள்ளேயே அடங்கியதல்ல; பிரபஞ்சத்தின் மற்ற எல்லாப் பொருள்களோடும் அதற்குள்ள தொடர்பால் வருவது என்பது அதன் சாரம். பெருவெடிப்புக் கொள்கையைப் பெரும்பாலோர் ஏற்ற பிறகும், அதற்கு மாற்றான விளக்கங்களை அவர் கடைசிவரை ஆராய்ந்தார். அறிவியலுக்கு இத்தகைய துணிவும் தேவை.

1972-இல் தாயகம் திரும்பி மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1988-இல் புனேயில் தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையத்தின் முதல் இயக்குநரும் அவரே. அங்கு இரண்டாம் சனிக்கிழமைகளில் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் உரைகள் நடந்தன.

கையெழுத்து கேட்டுச் சூழும் பிள்ளைகளிடம், அஞ்சலட்டையில் ஓர் அறிவியல் கேள்வி எழுதி அனுப்பச் சொல்வார். பதில் அவருடைய கையொப்பத்துடன் வீடு தேடி வரும். குழந்தையின் கேள்விக்கு இதைவிடப் பெரிய மரியாதை அரிது.

மராத்தியில் அறிவியல் புனைகதைகளும் எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றதற்காக யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு 1996-இலும், மராத்தியில் எழுதிய தன்வரலாற்றுக்காகச் சாகித்திய அகாதமி விருது 2014-இலும் கிடைத்தன. 2025 மே மாதம் புனேயில் காலமானார்.