வரிசையாக விழுந்த குழிகள்



இன்று குழிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். சாலையில் உள்ள குழிகளை அல்ல. அவற்றைப் பற்றிப் பேச ஒரு நாள் போதாது! நான் சொல்லப் போவது நிலாவில் உள்ள குழிகள், கோள்களில் உள்ள குழிகள்.

தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்தால் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். வானத்திலிருந்து வந்த கற்கள் மோதியதால் உண்டானவை அவை. நம் நாட்டிலும் அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள லோனார் ஏரிதான் அது. அகலம் சுமார் 1,800 மீட்டர். அதன் கரை சுற்றிலும் மேடாக இருக்கும். இந்த மேட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மழைத்துளி மண்ணில் எப்படி விழுகிறது? அங்கொன்று, இங்கொன்று விழுகிறது. விண்கற்களும் அப்படித்தான். ஆனால் சில இடங்களில் குழிகள் நாற்று நட்டது போல வரிசையாக இருக்கின்றன. இது எப்படி?

வியாழன் என்னும் கோளுக்குப் பல நிலாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் கலிஸ்டோ. 1979-ஆம் ஆண்டில் வாயேஜர் என்னும் இரண்டு விண்கலங்கள் அந்தப் பக்கம் போயின. கலிஸ்டோவைப் படம் பிடித்து அனுப்பின. படத்தில் குழிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிசையின் நீளம் சுமார் 600 கிலோமீட்டர்!

ஒரே கல் தத்தித் தத்திப் போயிருக்குமா? குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் அப்படிப் போகுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் விண்கல்லின் வேகம் வேறு. அது ஒரு நொடியில் பல கிலோமீட்டர் வருகிறது. துப்பாக்கிக் குண்டை விடப் பல மடங்கு வேகம். மோதியதும் வெடி வெடித்தது போல் ஆகிவிடும். கல் உருகும், ஆவியாகும், தூளாகும். பத்து முறை தத்துவதற்குக் கல் எங்கே மிஞ்சும்?

இன்னொரு வழி உண்டு. சேற்றில் பெரிய கல்லைப் போட்டால் சேறு நாலா பக்கமும் தெறிக்கும். நம் நிலாவில் கோப்பர்நிக்கஸ் என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அது உண்டானபோது தெறித்த பாறைகள் சுற்றிலும் விழுந்தன. அவை சிறு குழிகளை வரிசையாகத் தோண்டின. ஆனால் கலிஸ்டோவின் வரிசைகளுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட தாய்ப் பள்ளம் இல்லை. விடை கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின.

1993 மார்ச் மாதம். அமெரிக்காவில் பாலோமர் மலையில் மூன்று பேர் வானத்தைப் படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள். கரோலின் ஷூமேக்கர், அவர் கணவர் யூஜின் ஷூமேக்கர், டேவிட் லெவி. படத்தைப் பார்த்த கரோலின் அம்மையார் ஒரு வினோதத்தைக் கண்டார். வியாழனுக்கு அருகே ஒரு வால் நட்சத்திரம் நசுங்கியது போல் நீளமாக இருந்தது. பெரிய தொலைநோக்கிகளில் பார்த்தார்கள். அது ஒன்று அல்ல, 21 துண்டுகள்! முத்துமாலை போல ஒரே கோட்டில் போய்க் கொண்டிருந்தன.

வால் நட்சத்திரம் தோன்றினால் கேடு வரும் என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் பனிக்கட்டி, தூசு, கல் சேர்ந்த உருண்டை. பாகு சரியாக அமையாத பொரி உருண்டை போன்றது. லேசாக இழுத்தாலே உதிர்ந்துவிடும்.

இதை இழுத்தது யார்? வியாழன்தான். அது நம் பூமியைப் போல் 11 மடங்கு அகலம் உள்ளது. 1992 ஜூலையில் இந்த வால் நட்சத்திரம் வியாழனை ஒட்டிப் போனது. வியாழன் அதன் கிட்டப் பக்கத்தை அதிகமாக இழுத்தது. எட்டப் பக்கத்தைக் குறைவாக இழுத்தது. உருண்டை நீண்டது, உதிர்ந்தது. துண்டுகள் ஒரே வழியில், ஒன்றன் பின் ஒன்றாகப் போயின.

1994 ஜூலை 16 முதல் 22 வரை அவை வியாழன் மேலேயே வந்து விழுந்தன. உலகமே பார்த்தது. வியாழனில் கெட்டியான தரை இல்லை. அதனால் குழி விழவில்லை. மேகங்களில் கரும் புள்ளிகள் விழுந்தன. சில புள்ளிகள் நம் பூமியை விடப் பெரியவை.

கலிஸ்டோவின் புதிருக்கும் விடை கிடைத்தது. முன்பு பல வால் நட்சத்திரங்கள் இப்படி உடைந்திருக்கின்றன. உடைந்த துண்டுகள் வியாழனை விட்டு வெளியே போகும் வழியில் கலிஸ்டோ குறுக்கே வந்திருக்கிறது. டப், டப், டப் என்று வரிசையாக மோதியிருக்கின்றன. கலிஸ்டோ எப்போதும் ஒரே முகத்தைத்தான் வியாழனுக்குக் காட்டும். குழி வரிசைகள் பெரும்பாலும் அந்த முகத்தில்தான் இருக்கின்றன. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கானிமீட் என்னும் இன்னொரு நிலாவிலும் 13 குழிகள் ஒரே வரிசையில் உள்ளன. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். பேருந்தில் போனால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்.

ஒன்று சொல்ல வேண்டும். வரிசையாக இருக்கும் குழி எல்லாம் கல் மோதியது அல்ல. செவ்வாய்க் கோளில் நிலம் வெடித்துப் பிளந்த இடங்களில் மண் உள்ளே சரிந்து வரிசையாகக் குழிகள் விழுந்திருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது? லோனார் ஏரியின் மேட்டை நினைத்துப் பாருங்கள். மோதிய குழிக்குச் சுற்றிலும் மேடு இருக்கும். சரிந்த குழிக்கு மேடு இருக்காது.

நம் நிலாவிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. டேவி என்னும் பள்ளத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு குழிகள். நிலாவின் நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல தொலைநோக்கி வேண்டும்.