மிதிவண்டியும் மலைவீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று செயலாளர் எண்ணியிருக்கக்கூடும். நானோ மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. கிர்க்கித் தொழிற்சாலைக்கும் இராணுவக் கணக்கு அலுவலகங்களுக்கும் மிதிவண்டியில் சென்று வந்தே நம் முன்னோர் பலர் குடும்பம் வளர்த்தனர். இன்று அவ்வண்டி மாடிப்படியின் கீழ்த் தூசி படிந்து கிடக்கிறது. ஆயினும் பருத்த டயரும் பல பற்சக்கரங்களும் கொண்ட மலைவண்டியாக அது மறுபிறவி எடுத்துள்ளது. அதில் ஏறி, மலையிலேயே இரவு தங்கி, பல நாள் பயணம் செய்வோர் உலகெங்கும் உளர். சுவிட்சர்லாந்தில் 1863-இல் தோன்றிய ஆல்ப்ஸ் மலைச் சங்கம் அவ்வாண்டிலேயே தன் முதற்குடிலை அமைத்தது. அமெரிக்காவில் டெல்லூரைடு என்னும் மலையூரிலிருந்து மோவாப் வரை ஏழு நாள் மிதிவண்டியில் செல்வோர், ஆறு இரவும் வழியிலுள்ள குடில்களிலேயே உறங்குகின்றனர்.

நம் சகியாத்திரியில் அத்தகைய குடில் வரிசை இல்லை. ஆனால் வீடு உண்டு. வீட்டில் மனிதர் உண்டு. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

சென்ற டிசம்பரில் என் மகளும், நம் காலனி இளைஞர் இருவரும், ஐம்பத்தெட்டு வயதான நானும் மூன்று நாள் பயணம் புறப்பட்டோம். விரைவுச் சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. ஆகவே பழைய மும்பை சாலையில் விடியுமுன் கிளம்பினோம். லோணாவளா வரை சுமார் 65 கிலோமீட்டர். அங்கிருந்து இராஜ்மாச்சிக் கோட்டைகளின் அடிவாரமான உதேவாடிக்கு மேலும் 15 கிலோமீட்டர் காட்டுவழி. ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்னும் இரட்டைக் கோட்டைகள் அவ்வூருக்குக் காவல் நிற்கின்றன.

கல்லும் மண்ணும் நிறைந்த பாதைக்கு டயரில் காற்றைச் சிறிது குறைக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். நகரச் சாலையில் ஓட்டிய அனுபவத்தை நம்பி நான் கேட்கவில்லை. இறைந்து கிடந்த கல்லில் சக்கரம் வழுக்கியது. முழங்கால் தோல் உரிய, இருட்டிய பின் நொண்டிக்கொண்டே ஊர் சேர்ந்தேன். தங்கிய வீட்டு மூதாட்டி ஒரு சொல்லும் கேளாமல் மஞ்சள் அரைத்துக் காயத்தில் அப்பினார். அரிசிமாவுப் பாக்ரியும் கடலைமாவில் கிளறிய பிட்லாவும் படைத்தார். பெயரைக் கேட்டதும் நம் தஞ்சைப் பிட்லை நினைவுக்கு வந்தது. அந்த அம்மையாருக்கு மனமார நன்றி கூற வாயெடுத்தேன். வரவில்லை! முப்பத்திரண்டு ஆண்டுகள் இம்மண்ணில் உண்டு உறங்கியவன், காய்கறி விலை கேட்கும் அளவுக்கு மேல் மராத்தி கற்கவில்லை. முழங்கால் வலியைவிட அந்த நாணமே அன்றிரவு என்னை உறங்கவொட்டாமல் செய்தது.

மறுநாள் லோணாவளா திரும்பி, பாஜே குகைகளைக் கடந்து, செங்குத்தான சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே லோககட் கோட்டையின் அடியிலுள்ள சிற்றூரை அடைந்தோம். அன்று தங்கிய வீட்டுப் பெரியவர், "உங்கள் நாட்டில் கோட்டை உண்டா?" என்று வினவினார். என் மகள் தெளிந்த மராத்தியில் செஞ்சியைப் பற்றிச் சொன்னாள். 1689-இல் சிவாஜியின் இளைய மகன் இராசாராம், முகலாயரிடமிருந்து தப்பி வந்து செஞ்சியில் தங்கியதையும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இலேயே அக்கோட்டை வீழ்ந்ததையும், அதற்குள் அவர் தப்பிவிட்டதையும் எடுத்துரைத்தாள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் லோககட் ஒன்று. தமிழ்நாட்டுச் செஞ்சியும் ஒன்று. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின் உள்ளே திரும்பி, இன்னும் இரண்டு பாக்ரி சுடும்படி குரல் கொடுத்தார்.

மூன்றாம் நாள் துதிவரே கணவாயில் இறங்கி, பவனா நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் சென்று, திகோனா, கோள்வண், பௌட் வழியே வீடு திரும்பினோம்.

நிற்க. இளைஞர்களுக்குச் சில சொற்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பாதை சேறாகும், பாறை வழுக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உகந்தது. மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, பிரேக் கட்டைகள், விளக்கு, போதிய குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை. இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்திப் பிடித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். தங்கப்போகும் வீட்டாருக்கு முன்னரே தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் அரிசியும் விறகும் சேர்க்க வேண்டுமல்லவா? கேட்கும் பணத்தைப் பேரம் பேசாது கொடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே நாம் விருந்தினர், வாடிக்கையாளர் அல்லர்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவரோ என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் வாழவைக்கும் மண்ணை அறியாமலே வளர்வரோ என்று ஒருநாளேனும் அஞ்சினோமா? செஞ்சியின் கதையைத் தமிழில் கேட்டு மராத்தியில் சொல்லத் தெரிந்ததனால் அல்லவா என் மகள் அந்த வீட்டில் ஒரு பிள்ளையானாள்? இரண்டில் எது குறைந்திருந்தாலும் அன்றிரவு அந்தப் பேச்சு நிகழ்ந்திராது.

வரும் தைத் திங்களில் மீண்டும் உதேவாடி செல்கிறோம். வர விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இம்முறை டயரின் காற்றை முன்னரே குறைத்துவிடுவேன். அந்த மூதாட்டிக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் மகளிடம் மராத்தியில் பாடம் கேட்டு வருகிறேன்.