கடற்காற்று வரும் நேரம்

(முன்னாள் மாணவர் சங்கக் கோடைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலைக்குப் போன பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சம்பளம், பதவி உயர்வு பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சென்னைக் கோடையைப் பற்றிப் பேசப் போகிறேன். வெயிலைப் பற்றிப் பேச வெளியூரிலிருந்தா ஆள் வர வேண்டும் என்று சிரிக்காதீர்கள்! ஒரே அறையில் தினம் எட்டு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு பேர், கோடையில் ஒன்றாக வெளியே போய், சந்தோஷமாக, எண்ணிக்கை குறையாமல் திரும்பி வருவது சாமான்யமான காரியம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை மே மாதச் சனிக்கிழமையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு உல்லாச விடுதிக்குப் பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். பகல் பதினோரு மணிக்குக் கயிறு இழுக்கும் போட்டி. நிழலில் நின்ற மேலதிகாரிகள் கை தட்டினார்கள், வெயிலில் நின்றவர்கள் கயிறு இழுத்தார்கள். இரண்டு பேருக்குத் தலை சுற்றல். பெண் ஊழியர்களில் பாதிப்பேர் வரவே இல்லை. இரவு ஒன்பதுக்குப் பஸ் திரும்பினால் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அவர்கள் எப்போது போய்ச் சேருவது? யாரும் யோசிக்கவில்லை.

மறுவாரம் எங்கள் அட்டெண்டர் சொன்னதுதான் எங்களுக்கு வழிகாட்டி ஆயிற்று. கடலோரக் குப்பத்துக்காரர் அவர். "மேல்காத்து அடங்குற நாளாப் பாத்துக் கிளம்பணும் சார். அது அடங்கலேன்னா கடல்காத்து உள்ளே வராது. அன்னிக்கு வெளியே போறதும் அடுப்புல உக்கார்றதும் ஒண்ணுதான்" என்றார்.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புரியும். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெல்லத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பல நாட்களில் இது மதியத்தை ஒட்டியே கரையேறிவிடும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால் அதைத் தடுத்து நிறுத்திவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாட்களில் சென்னை சென்னையாகவே இருப்பதில்லை. அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்வது மே முதல் வாரத்தில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை. அதைவிட, அன்றன்று மதியம் வேப்பிலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பது எங்களுக்கு அதிகம் பயன்பட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கோடை மாறிப்போயிற்று. மாதம் இரண்டு நாள் மாலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. நுங்கு, மாங்காய், சுண்டல். தலைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போட்டோம். ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்துவிடும். கடைசி வீடு யாருக்குத் தூரமோ அவர் வைத்ததுதான் நேரம். அந்த ஒரு மாற்றத்தில் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். மூன்று வருடம் கோப்பு வழியாக மட்டுமே பேசிக்கொண்ட இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து ஒரே நுங்கைப் பங்கு போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை நாள் என்றால் காலை. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுத்துறை இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்கா 600 ஹெக்டேர் பரப்பு, ஆனால் திறந்ததும் போய்விட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் சிங்கத்துக்கே வெளியே வர மனசு இல்லை! கோடைத் தொடக்கத்தில் இன்னொரு அதிசயம் உண்டு. ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து அந்த முட்டைகளைத் தேடிக் காப்பாற்றி வருகிறார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சு கடலை நோக்கி ஓடுவதைப் பார்த்து, எங்கள் கணக்கு அதிகாரி வாய் திறந்து பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது இரட்டை அதிசயம்.

இனி மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு மண்டபம் நிற்கிறதே, நிறையப் பேர் அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள், என்ன என்று கேட்டால் தெரியாது. 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம் அது. அதன் எதிரிலேயே இன்றும் கல்லூரிப் பிள்ளைகள் குழுவாக இறங்குகிறார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தைப் பத்திரமான இடம் என்று நினைக்கிறீர்கள். பல நேரம் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அதுதான். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், பலம் போய்விடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டும். நாங்கள் கணுக்கால் அளவோடு சரி. எங்களைக் கோழை என்றால் என்றுகொள்ளுங்கள்.

மலையும் அப்படித்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள், அலுவலகங்களில் வேலை பார்த்த இளம் வயதுக்காரர்கள், பெண்கள் அதில் இருந்தார்கள். மார்ச்சில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், தீ காற்றோடு மேட்டை நோக்கி ஏறும், மனிதக் கால்கள் அந்த வேகத்துக்கு ஓடாது. கோடையில் மலைக்குப் போக நண்பர்கள் அழைத்தால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்பவனைக் கேலி செய்யும் கூட்டமாக இருந்தால், அந்தக் கூட்டத்தோடு போகாதீர்கள்.

அட்டெண்டர் ஓய்வுபெற்று வருடங்கள் ஆயிற்று. இன்றும் கிளம்பும் முன் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுகிறோம். இன்று காலையும் கேட்டேன். மதியத்துக்குள் காற்று திரும்பிவிடும் என்றார். விருந்து முடிந்து, குழுப்படம் எடுத்தபின், ஐந்து மணிக்கு நான் கல்லூரி வாசலில் நிற்பேன். ஏழு மணிக்குத் திரும்பிவிடலாம். வருகிறவர்கள் ஐம்பது ரூபாய் கொண்டு வாருங்கள்.